அகராதி டீச்சர்

விளிம்புவரை தண்ணீர் நிறைந்த டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, பெஞ்சுகளுக்கு நடுவே அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தார் ஒன்றாம் வகுப்பு டீச்சர். முப்பது குழந்தைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"சிந்திடுச்சா?"

"இல்ல மிஸ்!"

"சிந்தப் போகுதா?"

"ஆமா மிஸ்!"

"அந்த ரெண்டுக்கும் நடுவுல தளும்பிக்கிட்டு நிக்குது பாருங்க, அதுதான் ததும்புறது."

புதுச் சொல்லுக்கு அவர் ஒருநாளும் பலகையில் பொருள் எழுதிப் போட்டதில்லை. 'பதுங்கு' சொல்லிக்கொடுத்த அன்று மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டார்; முட்டி பிடித்துக்கொண்டதால், ஆயாம்மா வந்து கைகொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று. 'சருகு' வந்தபோது ஒரு சாக்கு நிறைய அள்ளி வந்து வகுப்பு முழுக்கக் கொட்டி, எல்லாரையும் மிதிக்கவிட்டார். உடன் வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அகராதி'. சொல்லுக்கும் பொருந்தும், பிடிவாதத்துக்கும் பொருந்தும். "ரெண்டு அர்த்தமும் எனக்குச் சரிதான்" என்பார் சிரித்துக்கொண்டே.

ஆண்டு முடிவதற்குள் இருநூறு சொற்கள் முடிய வேண்டும். அவர் எண்பதில் நின்றிருந்தார். "இப்படியே போனா உங்களை வேற கிளாஸுக்கு மாத்த வேண்டியதுதான்" என்று காலையில் சொல்லியிருந்த தலைமையாசிரியை, இப்போது கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்.

"வேற என்னல்லாம் ததும்பும்?"

"வாளி!" "பாட்டில்!" "எங்க மாமா தொப்பை!"

சிரிப்பு அடங்கியபோது ஜன்னலோரம் ஒரு கை பாதி உயர்ந்தது. பள்ளியில் சேர்ந்து இரண்டு மாதமாக வாயே திறக்காத சிறுமி. எது கேட்டாலும் தலையசைப்போடு சரி. டீச்சர் டம்ளரை மெல்ல மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"எங்கம்மா வயிறு ததும்புது மிஸ்," என்றாள் அவள். "உள்ள பாப்பா இருக்கு. அடுத்த வாரம் சிந்திடும்."

முதல் சிரிப்பு கடைசி பெஞ்சிலிருந்து வந்தது. தலைமையாசிரியை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். வகுப்பே கூரை அதிரச் சிரித்தது. சிறுமி மிரண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அடி என் கண்ணு! இது எனக்கே தோணலியே!" என்று டீச்சர் கைதட்டியதும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் பேச்சு நிற்கவில்லை. தொட்டில் வாங்கியது, பாப்பாவுக்குப் பெயர் வைப்பதில் அப்பாவும் சித்தியும் சண்டை போட்டது, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

தலைமையாசிரியை எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். "எண்பத்தொண்ணுன்னு எழுதிக்கோங்க அகராதி," என்றார், வாசலில் நின்று. "எத்தனை முடியுதோ அத்தனை முடியட்டும். இந்த கிளாஸ் உங்களுக்குத்தான்."

மணி அடித்தது. கேட்டுக்கு வெளியே, வெயிலில், இடுப்பில் கையூன்றி மகளுக்காகக் காத்து நின்றிருந்தார் அந்த அம்மா. ஜன்னல் வழியே பார்த்த டீச்சர், வகுப்பில் இருந்த ஒரே நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, பிள்ளைகள் கூட்டத்தை விலக்கியபடி ஓட்டமும் நடையுமாக வெளியே போனார்.