அரைக் கட்டை

கனகாம்பிகை ரீச்சரின் பாட்டு நின்றதற்கு நான்தான் காரணமோ என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் குளிர்நாட்டில் எனக்குக் கொஞ்சம் நித்திரை வந்திருக்கும்.

உடுவில் பக்கத்து அம்மன் கோயில் ஒன்றில், திருவிழா முடிவில் வரும் பூங்காவனத்தன்று அம்மனை ஊஞ்சலில் இருத்தி ஆட்டுவார்கள். அவ்வூர்ப் புலவர் ஒருவர் செய்துவைத்த ஐந்து கீர்த்தனைகள் முடியும்வரை ஊஞ்சல் ஓயக்கூடாது, பாட்டும் ஓயக்கூடாது. ஓய்ந்தால் ஊருக்கு ஆகாது.

1956இல், இருபத்திரண்டு வயதில், கனகாம்பிகை அதை முதன்முதலாகப் பாடினார். தகப்பன் புகையிலைத் தோட்டக்காரர். கலியாணம் பேசி வந்த இரண்டு பகுதியாரும் கோயிலில் பாடுவதை விடச் சொன்னார்கள். அவர் கலியாணத்தை விட்டார். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தார். பதினெட்டு வருடம் அந்த ஒரு பின்னேரத்துக்காகவே தொண்டையைக் காத்தார். மாங்காய் காலத்தில் மாங்காய்கூடத் தொடமாட்டார். தம்பி தில்லைநாதன் நான்கு வயலின், வீணை, மிருதங்கத்தோடு ஒரு வாத்தியக் குழு நடத்திப் பின்னால் வாசித்தார்.

சனம் குறைந்துகொண்டு வந்தது. 1974இல் கோயில் தலைவர் நமசிவாயம் முகத்துக்கு நேரே சொன்னார்: "உந்த இழுவையைக் கேக்க ஆர் இருக்கினம், ரீச்சர்? இந்த முறையும் சனம் வராட்டி, வாற வருசம் நாதசுரத்தோடை முடிப்பம்."

அதற்குப் பிறகுதான் தில்லைநாதன் நெல்லியடிக்கு எங்களைத் தேடி வந்தார். நாங்கள் கலியாண வீடுகளில் பொப் பாட்டும் சினிமாப் பாட்டும் பைலாவும் வாசிக்கிற கோஷ்டி. நான் கிற்றார்.

ஒத்திகையில் ரீச்சர் ஐந்தரைக் கட்டையில் சுருதி பிடித்தார். அந்தச் சுருதியில் என் கைக்கு வசதியாக ஒன்றும் விழவில்லை. ஆறு கட்டைக்கு ஏற்றச் சொன்னேன்.

"உம்மடை கம்பியைக் கொஞ்சம் தளத்தினால் என்ன, தம்பி?"

"தளத்தலாம் ரீச்சர். பிறகு சினிமாப் பாட்டுக்குத் திருப்பி முறுக்கேக்கை அறும். பழைய கம்பி. இறக்குமதியை நிப்பாட்டிப்போட்டாங்கள், கொழும்பிலையும் இல்லை."

"கம்பி அறும். என்ரை தொண்டை அறாதோ?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

தில்லைநாதன் குனிந்தபடி வயலினின் முறுக்காணியைத் திருகினார். "அரைக் கட்டைதானே, அக்கா. சனம் வந்தால்தானே பாட்டு மிஞ்சும்."

ரீச்சர் ஆறில் பாடினார். ஒத்திகையில் மேல் பஞ்சமம் மெலிதாக, ஆனால் ஒழுங்காக வந்தது.

பூங்காவனத்தன்று வீதி நிறையச் சனம். நெல்லியடியிலிருந்தும் வான் பிடித்து வந்திருந்தார்கள். நான்கு கீர்த்தனைகளும் கைதட்டலோடு போயின. ஐந்தாவதில், ஊஞ்சல் உயர ஆடும்போது மேல் பஞ்சமத்துக்கு ஏறவேண்டும். ஏறினார். குரல் உடைந்தது. திரும்பவும் ஏறினார், காற்று மட்டும் வந்தது. ஐயர் ஊஞ்சற் சங்கிலியைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தார். பாட்டு ஓயக்கூடாதே என்று பதறி, மிச்சத்தை நான் கிற்றாரில் வாசித்து முடித்தேன்.

சனம் எழும்பி நின்று கைதட்டியது. புதுமையாய் அப்படித்தான் அமைத்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள்! விசில்கூடக் கேட்டது. ரீச்சர் மைக்குக்கு முன்னால் வாயைத் திறந்தபடியே நின்றார்.

அடுத்த வருடம் நமசிவாயம் எங்களுக்குச் சொல்லியனுப்பினார்: "தம்பியவை, குரலுக்குப் பதிலா உந்தக் கிற்றாரையே முதல் பாட்டிலையிருந்து வையுங்கோ. ரீச்சரைக் கஷ்டப்படுத்த வேண்டாம்." தில்லைநாதன் மறுக்கவில்லை. நாங்களும் மறுக்கவில்லை. கீர்த்தனைகள் மிஞ்சின. வருடா வருடம் சனம் கூடியது. ரீச்சர் பூங்காவனத்தன்று கோயிலுக்குப் போவதை விட்டார்.

1978இல், லண்டனுக்கு வெளிக்கிடுவதற்கு முந்தின கிழமை, மன்னிப்புக் கேட்கலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். குரல் கரகரத்திருந்தது. தட்டில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய்க் கீறுகள் இருந்தன; ஒன்றை எடுத்துக் கடித்தார். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமல் பயண அலுவல்களைக் கதைத்துக்கொண்டிருந்தேன்.

எழும்பும்போது அவராகக் கேட்டார்.

"தம்பி, அண்டைக்குக் கம்பி அறுந்ததோ?"

"இல்லை, ரீச்சர்."

"பிறகு?"

"இப்பவும் அதே கம்பிதான்."

"நல்ல கம்பி" என்றார். மாங்காய்த் தட்டை என் பக்கம் தள்ளினார்.