கயெத்தானோ குப்பையில் போட்ட அத்தி

எர்சிலியாவுக்குத் தன் கொழுந்தன் கயெத்தானோவைக் கண்டாலே இளக்காரம். இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து டொராண்டோவுக்கு வந்தவர்கள் கூடும் சங்கத்துக்கு அவன் தலைவன். ஊர் மண்ணையே பையில் போட்டுக்கொண்டு வந்தவன் மாதிரி பேசுவான். கப்பலேறும்வரை மண்வெட்டியைத் தொடாத கை அது. அதே ஊரில் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா?

அவளோ தையல் ஆலையில் கோட்டுக் காலர் தைத்தே முதுகு வளைந்தவள். கணவன் நுன்ஸியோ ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்த அத்திக் குச்சி தொட்டியில் மரமாகி நின்றது. இலை உதிர்ந்ததும், பனியில் கருகாமலிருக்கத் தொட்டியை உருட்டி கராஜுக்குள் தள்ளுவது, கோணி சுற்றுவது, வேர் காயாத அளவுக்குத் துளி தண்ணீர் காட்டுவது எல்லாம் அவள் வேலை. பழத்தைச் சங்கத்துக்கு எடுத்துப்போய்ப் பேர் வாங்கியது நுன்ஸியோ.

அவன் இறந்த துக்கம் ஆறுவதற்குள் கயெத்தானோ வேனோடு வந்து நின்றான். அண்ணன் மரம் தம்பிக்குத்தான் சேரும், அத்தி வளர்ப்பது ஆம்பளை வேலை என்றான். வாய் கொடுக்க அவளுக்குத் தெம்பில்லை. ஏற்றும்போதே ஒரு கிளையை முறித்துவிட்டுப் போனான். அதைப் பொறுக்கி, துண்டாக்கி, ஒயின் பீப்பாய் வைக்கும் நிலவறையில் ஒரு சின்னத் தொட்டியில் ஊன்றினாள்.

வருகிறவர்கள் பார்க்க வேண்டுமென்று கயெத்தானோ மரத்தை வரவேற்பறையில், ஹீட்டர் பக்கத்தில் வைத்தான். குளிர்காலம் முழுக்க இலையில்லாமல் தூங்க வேண்டிய மரம் நடு ஜனவரியில் வெளுத்த இலை விட்டது. அதையும் தன் கைராசி என்று சங்கத்தில் சொல்லித் திரிந்தான். எர்சிலியா போன் செய்து, குளிர்ந்த இருட்டில் வைக்கச் சொன்னாள்.

“நீங்க காலரைத் தைங்க அண்ணி. மரத்தை நான் பாத்துக்கறேன்.”

ஏப்ரலில் கொஞ்சம் வெயில் தலைகாட்டியதும் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். ஒரே உறைபனியில் மரம் கருகியது. வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்பதுகூடத் தெரியாமல் தொட்டியைக் கவிழ்த்துக் குப்பையில் போட்டான்.

சில வருஷம் கழித்து, எர்சிலியாவின் தொட்டி காய்த்துக் குலுங்குவது காதில் விழுந்து, ஒரு பாட்டில் ஒயினோடு வந்தான்.

“ஒரு குச்சி குடுங்க அண்ணி. சங்கத்துல பழம் எங்கேன்னு கேக்கறாங்க.”

“மரம் செத்ததைச் சொல்லலியா?”

அவன் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். இத்தனை வருஷமும் செத்த மரத்தை வாயாலேயே வளர்த்திருக்கிறான். திட்டக்கூட அவளுக்கு மனம் வரவில்லை. திட்டினால் அவனை ஒரு ஆளாக மதித்ததாகிவிடும்.

“குச்சி தர்றேன். உனக்கில்ல, உன் பெண்டாட்டி லிபராத்தாவுக்கு.”

“அவளுக்கு என்ன தெரியும்?”

“தெரியலன்னா கேப்பா.”

லிபராத்தா கேட்டுக் கேட்டு வளர்த்தாள். அது காய்த்த ஆண்டு, எர்சிலியாவும் வந்திருந்த சங்க விருந்தில் தட்டு நிறையப் பழம் வைத்தாள். யாரோ ஒருவர் கயெத்தானோவின் தோளைத் தட்டி, அண்ணன் மரத்தைக் காப்பாற்றிவிட்டாய் என்றார். அவனும் தலையாட்டினான்.

“அதை இவர் குப்பையில போட்டாரு” என்றாள் லிபராத்தா, பழத்தை நறுக்கிக்கொண்டே. “இது எர்சிலியா அக்கா குடுத்தது.”

தோளைத் தட்டியவர் கையை எடுத்துக்கொண்டார். கயெத்தானோவின் காது சிவந்துபோனது. அவன்மேல் கொஞ்சமாவது பரிதாபம் வருகிறதா என்று எர்சிலியா பார்த்தாள். வரவில்லை. தட்டை நீட்டி இன்னொரு பழம் கேட்டாள்.