நெருஞ்சில் பொட்டலத்தில் ரெண்டு முடிச்சு

உலகத்திலேயே உயரமான மனுஷன் என் பெரியப்பாதான். மேகமெல்லாம் அவரிடம் வழி கேட்டுவிட்டுத்தான் நகரும். சந்தேகமிருந்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு ஏணிப்படி ஏறிப் பாருங்கள். டவர் கிரேன் கேபினில் விசில் அடித்தபடி உட்கார்ந்திருப்பார். ஒரு டன் கம்பிக்கட்டைப் பூ வைப்பதுபோல் மாடியில் இறக்குவார்.

அப்பேர்ப்பட்டவரை ஆட்டிவைத்தது எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லாத ஒரு சுரப்பி. ப்ராஸ்டேட்டாம். வயசாக வயசாக ஆம்பளைகளுக்கு வீங்குமாம். அவசரமாக இறங்கி ஓடுவார், சொட்டுச் சொட்டாக ஒண்ணுக்குப் போவார், மறுபடி ஏறுவார். ஒரு ஷிஃப்டில் ஐந்து தடவை. கீழே இருக்கிறவர்கள் ‘லிஃப்ட்’ என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

கடைசியில் இன்ஜினியர் கூப்பிட்டார். “அண்ணே, கிரேன் நின்னா மொத்த வேலையும் நிக்குது. திங்கக்கிழமைக்குள்ள சரியாகலன்னா கீழ குடோன்ல உக்காந்துடுங்க.”

குடோன்! அன்று பெரியப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“டாக்டர்கிட்ட போங்களேன்,” என்றார் பெரியம்மா.

“போனா எங்க கை வைப்பான்னு தெரியுமாடி உனக்கு?”

டாக்டருக்குப் பதில் நாட்டுமருந்துக் கடைக்குப் போனார். கயிற்றில் ரெண்டு முடிச்சு போட்ட நெருஞ்சில் பொட்டலத்தோடு வந்தார். வேலை முடிந்து இறங்கிய பிறகு ஒரு டம்ளர் கஷாயம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

“ஒரு டம்ளர் தரையில நிக்கிறவங்களுக்குடா!” என்று ஒரு லிட்டர் ஃப்ளாஸ்க் நிறையக் காய்ச்சி, காலையிலேயே மேலே கொண்டுபோனார். வீக்கத்துக்கு நல்லதாம் என்று சட்டைப்பையில் வறுத்த பூசணி விதை வேறு. ஐந்து தடவை எட்டானது.

இப்படியே போனால் குடோனுக்கு அனுப்பிவிடுவார்களே! குடோனில் அந்த விசில் எப்படிக் கேட்கும்? நானோ ஹெட்மாஸ்டர் கையெழுத்தையே போட்டவன். மருந்துக் கடைக்காரர் எழுதியதுபோல் ஒரு சீட்டு எழுதிப் பொட்டலத்துக்குள் சொருகினேன்: ‘டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் இதைக் குடிக்க வேண்டும். தவறினால் மீசை கொட்டும்.’

பெரியப்பா சீட்டைப் படித்தார். மீசையைத் தடவினார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

டாக்டர் சோதித்துப் பார்த்தார். “பயப்பட ஒண்ணுமில்ல, வயசு வீக்கம்தான். மாத்திரை தர்றேன். மூணு நாள் லீவு போடுங்க, மாத்திரைக்குத் தலை சுத்தலன்னா ஏறலாம். பூசணி விதை ஆசைக்குக் கொறிங்க. நெருஞ்சில் வீக்கத்தைக் குறைக்கும்னு என்னால சொல்ல முடியாது. அதுவும் லிட்டர் கணக்குல குடிச்சிட்டு ஏணி ஏறினா யாருக்குத்தான் வராது?”

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு வேலிக்கு வெளியே நின்று எண்ணினேன். ஒரே தடவைதான் இறங்கினார். அதுவும் மதியச் சாப்பாட்டுக்கு.

“என்னண்ணே, லிஃப்ட் ரிப்பேரா?” என்று கீழே கத்தினார்கள். இன்ஜினியரே கைதட்டினார்.

சாயங்காலம் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். கையில் அந்தச் சீட்டு.

“கடைக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரியாதுடா. ஒரு முடிச்சுன்னா காலையில, ரெண்டு முடிச்சுன்னா சாயங்காலம். அவர் எழுத்தே அவ்வளவுதான்.”

“அப்போ... தெரிஞ்சேவா டாக்டர்கிட்ட போனீங்க?”

“பரீட்சையில கூட ஒரு வரி நீ இவ்வளவு அழகா எழுதினதில்ல. பையன் நெசமாவே பயந்துட்டான்னு புரிஞ்சுது.” மீசையை முறுக்கினார். “அது சரி, இன்னைக்குக் காலையிலருந்து வேலிகிட்ட நின்னு என்னடா எண்ணிட்டிருந்த? மேலருந்து பார்த்தா எல்லாம் தெரியும்.”