மந்திரி வாங்காத வடைத் தகரம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அந்தக் கோபத்தில் நான் வாய்க்கு வந்தபடி திட்டிய ஒரு மனிதரை நினைத்தால், இன்றைக்கும் கை தானாகக் கும்பிடுகிறது.

அவர் ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரில், எனக்காக வழக்காடிய சட்டத்தரணி. இத்தாலியிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த தம்பதியின் மகன். லிபரல் கட்சிக்காரர். என்னைப்போன்ற அகதிகளின் கோப்புகளோடு மல்லுக்கட்டுவதுதான் அவருடைய தொழில்.

நான் ஊரைவிட்டு வந்தபோது மனைவிக்கு ஐந்து மாதம். இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்ததும் அவளையும் மகளையும் கூப்பிட விண்ணப்பித்தேன். மகளுக்கு அப்போது ஆறு வயது, படத்தில் மட்டுமே பார்த்த முகம். விசா அலுவலகம் மறுத்துவிட்டது. எங்கள் வழக்கப்படி என் குடும்பப் பெயர் என்னைப் பெற்ற ஐயாவின் பெயர், மகளுடையது என் பெயர். மனைவியோ தன் தகப்பன் பெயரிலேயே இருந்தாள். மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர், இது ஒரே குடும்பம்தானா என்று கேட்டார்கள்.

சட்டத்தரணி சிரித்தார். "என் அம்மாவும் சாகும்வரை தன் தகப்பன் பெயரில்தான் இருந்தார். இத்தாலியில் அப்படித்தான். நான் விளங்கவைக்கிறேன்" என்றார்.

அதற்குள் தேர்தல் வந்தது. அவருடைய கட்சி கூட்டணி ஆட்சியில் சேர்ந்தது, அவரை மாநில அமைச்சராக்கிவிட்டார்கள். அமைச்சர் வழக்குகளைப் பார்க்கக் கூடாதாம். என் கோப்பு அவருடைய அலுவலகத்திலிருந்த இன்னொரு சட்டத்தரணியிடம், ஓர் இளம் பெண்ணிடம், போனது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"உமக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே? உம்மட ஆள் மந்திரியாகியிருக்கிறார். போய் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாரும்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணை. ஊரில் வேலைக்கும் இடமாற்றத்துக்கும் எம்.பி.யிடம் கடிதம் வாங்கித்தானே எங்களுக்குப் பழக்கம். வெறுங்கையோடு போவது மரியாதையில்லை. நான் வேலைசெய்த உணவகச் சமையலறையில் பருத்தித்துறை வடை சுட்டு, ஒரு தகரப் பெட்டி நிறைய அடுக்கிக்கொண்டு, அவர் மக்களைச் சந்திக்கும் நாளில் போய் நின்றேன்.

எழுந்து வந்து கைகொடுத்தார். கடிதம் என்றதும் முகம் மாறிவிட்டது.

"நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்த அதிகாரி பயத்தில் கையெழுத்துப் போடுவார். அதை நான் செய்ய மாட்டேன். வேண்டியதெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது" என்றார். தகரத்தையும் மெல்ல என் பக்கம் தள்ளினார். "இதையும் இப்போது வாங்க முடியாது."

நாற்காலி கிடைத்ததும் ஆளை மறந்துவிட்டான் என்று ரயில் முழுக்கப் பொருமினேன். மனைவி தொலைபேசியில், "வடையை வாங்கேல்லையெண்டால் அவர் நல்ல மனுசன்தான். நீங்கள் கத்தாதேங்கோ" என்றாள். அவளோடும் சண்டை பிடித்தேன்.

நாலு மாதத்தில் விசா கிடைத்தது. அந்தப் பெண் சட்டத்தரணி கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். மந்திரி பதவியேற்பதற்கு முந்தின நாள் தேதியிட்டு, விசா அலுவலகத்துக்கு எழுதியது. நாங்கள் பெயர் வைக்கும் முறையைப் பதினொரு பக்கத்தில் விளக்கி, தன் பெற்றோரின் திருமணச் சான்றிதழ்ப் பிரதியையும் இணைத்திருந்தார். நாளைக்கு மந்திரியாகப் போகிறவர், அன்றைக்கும் இருந்து இதை எழுதியிருக்கிறார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சான்றிதழில் அவருடைய அம்மாவின் பெயரைப் பார்த்து அழுதேன்.

விமான நிலையத்தில் மகள் என்னைக் கண்டதும் மனைவியின் பின்னால் ஒளிந்துகொண்டாள். முழுதாகப் பழக ஒரு மாதம் ஆனது.

அடுத்த தேர்தலில் அவர் கட்சி தோற்றது. பழைய அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்றே வடை சுட்டேன். தகரத்தை மகள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கதவைத் திறந்தவர் அவளைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார். "பெயர் என்ன?" என்று கேட்டார். அவள் தன் பெயரையும், அதன் பின்னால் என் பெயரையும், சத்தமாகச் சொன்னாள்.

அவர் தகரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இப்போது வாங்கலாம்" என்றார்.