கண்ணால் கண்ட வெடிப்பு

மின்சாரம் இல்லாத யுத்தகாலத்தில், வட்டக்கச்சியில் எங்கள் வீட்டில் செய்தி கேட்பதென்றால் உடம்பு நோகும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் பூட்டிய வானொலி பேசும். அநேகமாக நான்தான் சுற்றுவேன். கை அலுத்து விட்டுவிட்டால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்து நின்றுவிடும், சுற்றியிருப்பவர்கள் அதட்டுவார்கள். பிறகு, கேட்டது மெய்யா என்று ஒரு மணித்தியாலம் வாதாடுவார்கள். பொய்யைக் கேட்பதற்கும் வியர்க்க வேண்டியிருந்தது. பசியோடு இருந்த காலம்தான். ஆனாலும் அந்த வாதாட்டத்துக்காக மனம் இன்னும் ஏங்குகிறது.

இப்போது வியர்வை இல்லை. போன மாரியின் முடிவில், கதிர் முற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில், என் கைபேசிக்கு ஒரு குரல்பதிவு வந்தது. குளக்கட்டு உடையப்போகிறதாம், வயல்கரைச் சனம் உடனே வெளிக்கிட வேண்டுமாம். பேசியவர் யாரென்று தெரியாது. ஆனால் அழுதபடி பேசினார். அழுகிறவன் பொய் சொல்வானா என்று நம்பிவிட்டேன்.

பல தடவை இடம்பெயர்ந்த உடம்பு இது. மூளைக்கு முன்னால் கை வேலை செய்யும். பத்து நிமிடத்தில் காணி உறுதிப் பத்திரம், ஒரு சருவச்சட்டி, இரண்டு கோழி எல்லாம் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டன. மனைவி குசினியிலிருந்து வந்து வானத்தைப் பார்த்தாள்.

“வெய்யில் எறிக்குதப்பா.”

நான் காதில் போடவில்லை. ஊருக்கும் அறிவிக்க வேண்டுமே. ஊருக்கு என்னைப் பகிடிக்காரனாகத்தான் தெரியும். நான் அனுப்பினால் சிரித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். ஆகவே வட்ஸ்அப்பில் அந்தப் பதிவுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘பகிடி இல்லை. வெடிப்பை என்ர கண்ணால கண்டனான்.’

குளக்கட்டுப் பக்கம் நான் போயே ஒரு மாதம் இருக்கும்.

பின்னேரம், குளத்தடியில் வேலை செய்யும் சிநேகிதன் சொன்னான், அது வேறெங்கோ முந்திய வருடம் பேசிய பதிவாம். கோழிகளை இறக்கிவிட்டு மறுப்பு அனுப்பினேன். அதற்குத்தான் சிரிக்கும் முகங்கள் வந்தன. நானும் சிரித்தேன், அடுத்த வயலைப் பார்க்கும் வரைக்கும். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு தனியாக அதைச் செய்கிற அக்கா, வெள்ளம் கொண்டுபோக முன்னம் என்று வெட்டு மெசினைக் கூப்பிட்டு, விதைநெல்லுக்கென்று விட்டிருந்த துண்டைப் பச்சையாகவே வெட்டியிருந்தார். முற்றாத நெல் முளைக்காது. அடுத்த போகத்துக்கு அவரிடம் விதை இல்லை.

போய் நின்றேன்.

“நான் வெடிப்பு ஒண்டும் காணேல்லை அக்கா.”

அவர் சாக்கை மடித்தபடியே சொன்னார்: “நீ பகிடி விட்டிருந்தா நான் வெட்டியிருக்க மாட்டன். கண்டனான் எண்டு எழுதினபடியாத்தான் மெசினைக் கூப்பிட்டனான்.”

அன்று நானும் கேட்ட அந்த மெசின் எனக்குக் கிடைக்காததால் என் நெல் தப்பியிருந்தது. முற்றியதும் வெட்டி, பதர் போகத் தூற்றி, நன்றாகக் காயவைத்து, விதைப்புக்கு முன் இரண்டு மூட்டையை அவர் வாசலில் இறக்கினேன். திறமான விதை, நம்பி விதைக்கலாம் என்றேன். அவர் ஒரு பிடி அள்ளி, நனைத்த சாக்குத்துண்டில் சுற்றிக் குசினி மூலையில் வைத்தார்.

“முளைக்கட்டும், பாப்பம்.”

மூன்று நாளும் வேலிக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தேன். நாலாம் நாள் கூப்பிட்டுச் சாக்கை விரித்தார். அநேகமாக எல்லாம் வெள்ளையாக முளை விட்டிருந்தன. முளைக்காத நாலைந்தைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

“இதுகள் உன்னை மாதிரி” என்றார். பிறகு, மூட்டைகளை உள்ளே தூக்கி வைக்கச் சொன்னார்.