அம்மா குளித்த வெள்ளம்

குளித்த தண்ணீரை எங்கள் வீட்டில் யாரும் அழுக்குத் தண்ணீர் என்று சொல்லிவிட முடியாது. மாமாவுக்குக் கோபம் வந்துவிடும். அம்மாவின் தம்பியான அவர் மஸ்கட்டில் ஒரு தொழிலாளர் குடியிருப்பில் பிளம்பராக இருந்தவர். அங்கே ஆட்கள் குளித்த தண்ணீரைக் குடித்தே ஒரு வரிசை வேப்பமரங்கள் நின்றனவாம். அவர் ஊருக்குத் திரும்பி எங்களோடு தங்க வந்தபோது பெட்டியில் பாதாமும் சாக்லேட்டும் இருக்கும் என்று காத்திருந்தேன். இரண்டு பித்தளை வால்வுகள் இருந்தன.

எங்கள் வீடு அஞ்சுகிராமத்துக்குக் கொஞ்சம் வெளியே. எங்கள் ஊரில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம், கிணற்றில் வாளி தரையைத் தட்டுகிற கோடையிலும். அப்பா குவைத்தில் இருந்ததால் வீட்டில் அம்மா, மாமா, நான் என்று மூன்றே பேர். மூன்று பேரின் குளியலையும் மாமா வீணாக விடவில்லை. குளியலறைக் குழாயை ஒரு பிளாஸ்டிக் டிரம்மோடு இணைத்து, உள்ளே ஜல்லி, கரி, மணல் என்று அடுக்கினார். வெளியே கல்வாழையும் சேம்பும் வைத்த ஒரு பாத்தி. அதைத் தாண்டித்தான் தண்ணீர் தோட்டத்துக்குப் போகும்.

அதற்குச் சட்டங்களும் உண்டு. துணி துவைத்த முதல் தண்ணீர் ஓடைக்கு, அலசிய தண்ணீர் மரத்துக்கு. பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீர் ஆகாது. பிளீச்சிங் பவுடர் போட்டுக் குளியலறையைக் கழுவுகிற நாளில் வால்வை ஓடைப் பக்கம் திருப்ப வேண்டும். ஒரு ராத்திரிகூடத் தேக்கி வைக்கக் கூடாது. கீரைக்கு விடவே கூடாது. தினமும் காலையில் பாத்தியின் கடைசியில் வடிகிற தண்ணீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு என் மூக்கருகே நீட்டுவார். நான் முகர்ந்து, மணமில்லை என்று சொன்ன பிறகுதான் தோட்டத்துக்கு விடுவார். அந்த வேலையில் எனக்குத் தலைக்கனமே வந்திருந்தது.

அந்தத் தண்ணீரில் நான் ஒரு மட்டி வாழை வளர்த்தேன். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கு முதலில் மசித்துக் கொடுக்கிற பழம் அது. எனக்கு ஒன்பது வயதானபோது குலை தள்ளியது. ஐந்து சீப்பு. சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு அதைக் கொண்டுவருவேன் என்று ஓய்வுநாள் பள்ளியில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று சொல்லியிருந்தேன்.

அந்தக் கோடையில்தான் அம்மா திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினாள். மார்பில் புற்றுநோய். எனக்குச் சொல்லப்பட்டது வாயுக்கோளாறு என்று. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாமா கூட்டிப்போவார்; பக்கத்து வீட்டுப் பெரியம்மா எனக்குச் சோறு போடுவாள். முதல் ஊசி போட்டுக்கொண்டு திரும்பிய அன்று அம்மா குளியலறையில் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாள். மாமா நேராகப் போய் வால்வை ஓடைப் பக்கம் திருப்பிவிட்டார். மறுநாளும் அதன் மறுநாளும் அது அப்படியே இருந்தது.

"எதுக்கு மாமா?"

"வெள்ளம் சரியில்ல மக்கா."

"பிளீச்சிங் பவுடர் போடலியே?"

ஒரு கேள்விக்கு அரைமணி நேரம் பதில் சொல்கிற மனிதர், "போய்ப் படி" என்றார்.

இரண்டு வாரத்தில் வாழை இலைகள் மடங்கித் தொங்கின. அடுத்த ஊசிக்குப் போய்வந்த மறுநாள், மாமா பால் வாங்கப் போயிருந்தபோது, அம்மா குளிக்கிற சத்தம் கேட்டது. நான் வால்வைத் திருப்பினேன். சட்டத்தை மீறவில்லை. குப்பியில் பிடித்து வெயிலில் பார்த்தேன், முகர்ந்தேன். எங்கள் குடிதண்ணீரைவிடத் தெளிவாக இருந்தது. வாழைக்கு விட்டேன். நான்கு நாள் அப்படி நடந்தது.

ஐந்தாம் நாள் மாமா சீக்கிரம் வந்துவிட்டார். ஈர மண்ணையும் என் கையிலிருந்த குப்பியையும் பார்த்தார். திட்டவில்லை. என்னைக் குடிதண்ணீர்க் குடத்தருகே கூட்டிப்போய், சோப்புப் போட்டு முழங்கைவரை என் இரண்டு கைகளையும் கழுவினார். பிறகு இன்னொரு முறை கழுவினார்.

"எத்தன நாளு?"

"நாலு."

"வாயில வச்சியா?"

"இல்ல. மோந்துதான் பாத்தேன்."

வால்வின் கைப்பிடியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் சைக்கிளில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு போய், யார் வீட்டுப் போர்வெல்லிலிருந்தோ என் வாழைக்கு வெள்ளம் கொண்டுவந்தார். தன் தப்பை உணர்ந்துவிட்டார் என்று நான் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டேன்.

பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது குலையைக் காணவில்லை. வவ்வால் வருவதால் வெட்டி, அறையில் புகை போட்டிருப்பதாக மாமா சொன்னார். சனிக்கிழமை கதவைத் திறந்தபோது மஞ்சளாக, மணத்தோடு குலை தொங்கியது. எண்ணிப் பார்த்தேன்.

"மாமா, ஏழு சீப்பு இருக்கு."

"பழுக்கயில வளரும், கேட்டியா."

கட்டிலில் படுத்திருந்த அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் இந்த விஞ்ஞானத்தை நான் ஓய்வுநாள் பள்ளி டீச்சருக்கும் விளக்கினேன். அவர் மாமாவைப் பார்த்தார். மாமா சர்ச்சின் கூரையைப் பார்த்தார்.

என் ஐந்து சீப்புக் குலையை மாமா கொல்லையில் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிட்டார் என்பதை நான் கல்லூரியில் படிக்கும்போது அம்மாதான் சொன்னாள். அம்மாவுக்கு ஊசியில் ஏற்றிய மருந்து சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜல்லியையும் கரியையும் நம்பி விட முடியாது. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் கவனமாக இருக்கச் சொல்லியிருந்தாள் நர்ஸ். மாமா ஆறு மாதமும் அடைத்து வைத்தார். என் நாலு நாளில் குலைக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று இப்போது கேட்டால் ஒத்துக்கொள்வார். ஆனாலும் புதைத்தது சரிதான் என்பார்.

வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கியிருந்த ஒரு காலை. முந்தின நாள்தான் இருவரும் ஊசி போடாமலே திருவனந்தபுரத்திலிருந்து திரும்பியிருந்தார்கள். இனி ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மாமா வால்வின் அருகே குந்தி உட்கார்ந்து கைப்பிடியைத் திரும்ப மாட்டினார்.

"அக்கா, தொறக்கட்டா?"

உள்ளே குவளைச் சத்தம் நின்றது.

"தொற" என்றாள் அம்மா.

தண்ணீர் டிரம்முக்குள் விழுகிற சத்தம் கேட்டது. கல்வாழைப் பாத்தி மெல்ல நனைந்தது. மாமா தோளில் கிடந்த துவர்த்தால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அம்மா ஈரத்தோடு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவளும் அழுதாள்.

மழை பெய்து ஊரெல்லாம் வெள்ளம் நிறைந்து கிடக்கையில், குளித்த வெள்ளத்தைப் பார்த்து இரண்டு பெரியவர்கள் அழுவார்களா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஸ்கூல் பஸ் வருகிற நேரம் வேறு. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, எனக்குத் தலை பின்னிவிடு என்றேன். அவள் தலையில் அப்போதுதான் நகத்தளவு முடி முளைத்திருந்தது. என்னைத் திருப்பி நிறுத்தி, அவசரமே இல்லாமல் பின்னினாள்.