காலை வணக்கம் சொன்ன றொக் வானொலி

சுவிஸின் லுசேர்ண் நகரில், நான் வேலைசெய்த ஹோட்டல் சமையலறையில் வானொலி எப்போதும் ஒரே நிலையத்தில்தான் நிற்கும். அந்த வட்டாரத்தின் பழைய றொக் பாட்டு நிலையம். பாட்டுகள் எனக்கு வெறும் இரைச்சல். அறிவிப்பாளர்களின் பேச்சுக்காகவே சகித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த டொச் மொழி அவர்களிடம் கேட்டதுதான். தொடக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். நிலையம் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஒருவரே மிஞ்சினார். காலையில் அவர் வணக்கம் சொல்ல, உருளைக்கிழங்கு உரித்தபடி நானும் "குவேத்தே மோர்கே" என்பேன். தலைமைச் சமையல்காரர் எங்களுக்கு வணக்கம் சொல்வதில்லை. எங்கள் தமிழ் ஆட்களோ தலையாட்டுவதோடு சரி.

ஒருநாள் ஏரியில் கடும் பனிமூட்டம் என்றார் வானொலி அறிவிப்பாளர். யன்னலுக்கு வெளியே வெயில் எறித்தது.

"பிழையாச் சொல்லுறார்" என்றேன்.

"அண்ணை, அந்தாளை எப்பவோ வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள். இது பழைய பதிவு" என்றார், பக்கத்தில் பாத்திரம் கழுவுகிறவர்.

"முதலே சொல்லியிருக்கலாமே?" எனக்குக் கோபம் வந்தது.

"நீங்கள் ஒவ்வொரு நாளும் பதில் சொல்லுறியள். எப்பிடிச் சொல்லுறது?"

மறுநாளும் அதே குரல் வணக்கம் சொன்னது. நான் உருளைக்கிழங்கிலேயே கண்ணாயிருந்தேன். பாத்திரத் தொட்டியடியில் நின்றவர் தயங்கி, "குவேத்தே மோர்கே, அண்ணை" என்றார்.

உரித்து முடித்த கிழங்கையே நான் மறுபடி உரித்துக்கொண்டிருந்தேன்.